வைஃபை இருக்கு, நெட் இல்ல

வீட்டுக் கணினிக்கு வயர்லெஸ் மூலம் இணையம் வந்து சேர நான்கு இடங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். கணினிக்குள் இருக்கும் வைஃபை கார்டு, அதற்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட காற்று, ரூட்டர், ரூட்டரிலிருந்து தெருக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு ஆபரேட்டரின் அலுவலகம்வரை போகும் ஃபைபர். இந்த நான்கில் எது படுத்தாலும் வீட்டில் எழும் குரல் ஒன்றுதான்: "நெட் வர்ல." ஆகவே பழுது பார்ப்பவரின் முதல் வேலை, எந்த இடத்துப் பழுது என்று பிரிப்பது. பெரும்பாலான வீடுகளில் கடைசியாக நடப்பதும் அந்த வேலைதான்.

தண்டலத்தில் இது மானப் பிரச்சினையும்கூட. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் இந்த ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் தொடங்கி, 2014-ல் கதவைச் சாத்தும்வரை கோடிக்கணக்கில் செல்போன் செய்தது. டெல் 2007-ல் அங்கே கணினித் தொழிற்சாலை திறந்தது. இப்போது ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. உலகம் பேசவும் பார்க்கவும் வேண்டிய சாதனங்களை ஷிப்டு ஷிப்டாகப் பூட்டி அனுப்பிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வருகிறவர்கள் வாழும் வட்டாரம் இது. அப்படி வந்தவரிடம் பிள்ளை, "அப்பா, நெட் வர்ல" என்கிறது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் ரூட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

இத்தனைக்கும் அவருக்கு முறை தெரியாமல் இல்லை. இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் லைன் நின்றுவிட்டால் 'ஒய்-ஒய்' போடச் சொல்வார்கள். ஏன் நின்றது, அது ஏன், அதற்குக் காரணம் ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேரைப் பிடிக்கும் டொயோட்டா முறை அது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ தன் புத்தகத்தில் சொல்லும் உதாரணம் பிரசித்தம். இயந்திரம் நின்றது, ஃபியூஸ் போனதால். ஃபியூஸ் போனது, பாரம் கூடியதால். பாரம் கூடியது, பேரிங்குக்கு எண்ணெய் போதாததால். எண்ணெய் போதாதது, பம்ப்பின் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் இரும்புத்தூள் உள்ளே போனதால். ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் அது மறுபடி போயிருக்கும்.

இதே முறை வீட்டுக்குள் வந்ததும் வேறு தடத்தில் போய்விடுகிறது. ஏன் நெட் வரவில்லை? ரூட்டர் சரியில்லை. ரூட்டர் ஏன் சரியில்லை? ஓசியில் கொடுத்தது. ஓசி ரூட்டரை ஏன் வாங்கினீங்க? உங்க தம்பிதான இந்த பிளானை எடுக்கச் சொன்னான். எங்க தம்பியை ஏன் இதுல இழுக்கறீங்க? நான்காவது 'ஏன்' வரும்போது இணையம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வேர் கிடைத்துவிடுகிறது, ஆனால் அது வேறு மரத்தின் வேர்.

பழுதைப் பிரிக்கும்போது முதலில் ஏமாற்றுவது திரையின் மூலையில் தெரியும் விசிறி அடையாளம். அதில் எல்லாக் கோடும் நிறைந்திருந்தால் "சிக்னல் ஃபுல்லா இருக்கே" என்பார்கள். அந்தக் கோடுகள் கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவிலுள்ள சில அடித் தூரத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. ஹாலில் இருக்கும் பெட்டியோடு படுக்கையறைக் கணினி நன்றாகக் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு மேல் அவற்றுக்கு அர்த்தமில்லை. நெடுஞ்சாலையோரத்தில் ஃபைபரே அறுந்து தொங்கினாலும் கோடு குறையாது. "வைஃபை இருக்கு, நெட் இல்ல" என்று வீட்டில் யாராவது சரியாகச் சொல்லிவிட்டால், வேலையில் பாதி முடிந்தது.

விண்டோஸுக்கு மட்டும் இந்த வித்தியாசம் எப்படித் தெரிகிறது என்பது சுவாரஸ்யமான விஷயம். இணைப்பு கிடைத்ததும் அது யாருக்கும் சொல்லாமல் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு முகவரிக்குப் போய்க் குட்டிக் கோப்பு ஒன்றைக் கேட்கிறது. அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் மட்டுமே இருக்கும். அவை அப்படியே வந்து சேர்ந்தால் இணையம் இருக்கிறது. வராவிட்டால் மஞ்சள் முக்கோணமோ உலக உருண்டையோ மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மையைச் சொல்வது அந்தச் சின்ன அடையாளம்தான். வீட்டில் யாரும் அதை மதிப்பதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் பெட்டியான மோடத்தின் விளக்குகள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் இது செல்வாக்கற்ற வைத்தியம். ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' என்று ஒரு விளக்கு உண்டு. சிக்னல் காணாமல் போனது என்பதன் சுருக்கம். அது சிவப்பாக மின்னினால் கணினியை விட்டுவிடலாம். பழுது வெளியே இருக்கிறது. உள்ளே வரும் இழை தலைமுடி கனமுள்ள கண்ணாடி. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் அதற்குள் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளி வீட்டை நோக்கி வருகிறது, 1310-ல் வீட்டிலிருந்து திரும்பிப் போகிறது. கூர்மையாக வளைத்தால் ஒளி வளைவிலேயே வெளியேறிவிடும். இந்த மென்மையான பொருளைத்தான் ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு அழுத்திச் சாத்துகிறார்கள். பால்கனியில் வெள்ளையாக ஓடும் அந்தக் கம்பியில் ஈரத் துண்டு காயப்போடும் வீடுகளும் உண்டு. கேபிள்காரர் வந்து துண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு விசிட்டிங் சார்ஜ் தனி.

வீட்டுக்கு வெளியே எதிரிகள் இன்னும் பெரியவர்கள். நெடுஞ்சாலையில் சதா ஏதாவது ஒரு பக்கம் தோண்டிக்கொண்டிருக்கும் ஜேசிபி முதலாமவர். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் கம்பத்தோடு சாயும் கேபிள் கற்றை இன்னொன்று. மூன்றாவது அணில். 2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி, மின்கம்பிகளில் அணில் ஓடுவதும் மின்தடைக்கு ஒரு காரணம் என்று சொல்லப்போக, மீம் போடுகிறவர்கள் பல நாள் அணிலை விடவில்லை. அணிலுக்காகச் சாட்சி சொல்ல அன்று யாரும் வரவில்லை; வந்திருந்தாலும் கேஸ் நின்றிருக்காது. அமெரிக்காவில் லெவல் 3 என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கேபிள்களுக்கு 2011-ல் அதுவரை நேர்ந்த சேதத்தில் 17 சதவீதம் அணில் கடித்ததால் வந்தது என்று கணக்குக் காட்டியிருந்தது. எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகளுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். ஃபைபரின் மேலுறை அதற்குத் தோதான பதத்தில் இருக்கிறது.

சிவப்பு விளக்கு இல்லை, எல்லாம் பச்சை, ஆனாலும் நெட் இல்லை என்றால், ஒரு கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: ரீசார்ஜ் தேதி முடிந்துவிட்டதா? இந்தக் கேள்வியைக் கேட்க ஏன் இவ்வளவு தயக்கம் என்று தெரியவில்லை. கணினியை ஃபார்மட் செய்யலாமா என்று யோசித்தவர்கள், ஆன்டெனாவை நான்கு திசையிலும் திருப்பிப் பார்த்தவர்கள், புது ரூட்டர் விலை விசாரிக்கப் பூந்தமல்லிவரை போனவர்கள் எல்லாம் இந்த ஊரில் உண்டு. நேற்றோடு பிளான் முடிந்தது என்ற எஸ்எம்எஸ் அப்போதும் அவர்கள் செல்போனில்தான் இருந்திருக்கும், படிக்கப்படாமல்.

இனி ரூட்டர். இதன் பழுதுகளில் பாதி மின்சாரப் பழுது. ரூட்டரின் அடாப்டரும் செட்டாப் பாக்ஸின் அடாப்டரும் பார்வைக்கு ஒன்றே. இரண்டும் 12 வோல்ட், பின்னும் பொருந்தும். ஒன்று இரண்டு ஆம்பியர், மற்றொன்று ஒரு ஆம்பியர் என்பது பொடி எழுத்தில் இருக்கும். டி.வி. ஸ்டாண்டைத் துடைக்கும்போது இரண்டும் இடம் மாறிவிட்டால் ரூட்டரில் விளக்கு எரியும், வைஃபை பெயரும் தெரியும். நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல் அணைந்து எரியும். இதை நெட் 'கட்டாகிக் கட்டாகி' வருவதாக ஆபரேட்டரிடம் புகார் செய்வார்கள். அவர் அலுவலகத்திலிருந்து பார்த்தால் லைன் சுத்தமாக இருக்கும். இரண்டு தரப்பும் உண்மையே பேசுவதால் சண்டை முடிவதே இல்லை.

இன்னொன்று பாட்டி. இரவு படுக்கும் முன் வீட்டைச் சுற்றிவந்து எரிகிற சுவிட்சையெல்லாம் அணைப்பது அவர் கடமை. "வீணா ஓடுது" என்று ரூட்டரையும் அணைத்துவிடுவார். நைட் ஷிப்டு முடித்து வந்த பேரனின் படம் பாதியில் நிற்கும். கணக்குப் பார்த்தால், பத்து வாட் இழுக்கும் ரூட்டரை தினமும் எட்டு மணி நேரம் அணைத்து வைத்தால் இரண்டு மாதத்தில் மிச்சமாவது 4.8 யூனிட். தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்தக் கணக்கைப் பாட்டியிடம் சொன்னால், "ஓசில கிடைச்சா வீணாக்கலாமா?" என்பார். அதற்குப் பதில் இல்லை. அந்த சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டிவிடுவதே வழி.

ரூட்டர் உயிரோடு இருக்கிறது என்று உறுதியானால், அது கணினிக்கு எண் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். வீட்டு வலையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரூட்டர் ஓர் ஐ.பி. எண் கொடுக்கிறது. பல வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்பு ஜன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால் எண் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால் விஷயம் வேறு. ரூட்டரிடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டோக்கன் கொடுப்பவர் சீட்டில் இல்லை என்று ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் தன் உள்ளங்கையில் தானே ஒரு நம்பர் எழுதிக்கொள்வதுபோலத்தான். நம்பர் இருக்கிறது, அரிசி கிடைக்காது. கல்லூரி மாணவர்களும் கம்பெனிப் பையன்களும் அறைக்கு ஆறு பேராகத் தங்கி, ஒரே ரூட்டரை மாடி முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் தண்டலத்தில் இது அடிக்கடி நேர்கிறது. கொடுக்க வைத்திருந்த எண்களெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். ஊருக்குப் போனவனின் செல்போன் வாங்கிய எண்ணைக்கூட, கெடு முடியும்வரை ரூட்டர் அவன் பெயரிலேயே வைத்திருக்கும்.

எண் சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்காவிட்டால் 8.8.8.8 என்ற கூகுளின் எண்ணுக்குப் 'பிங்' அடித்துப் பார்க்கலாம். பதில் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது. பெயர்களை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் கெட்டிருக்கிறது. அதை வேறொன்றுக்கு மாற்ற ஒரு நிமிடம் போதும்.

இனி கணினிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட காற்று. அது பொல்லாதது. இந்திய அரசு 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விதி செய்தது. அன்றிலிருந்து வைஃபை, புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ரசம் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45-ல்தான் வேலை செய்கிறது. அதன் கதவிலிருந்து கசியும் துளியூண்டு அலை மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சமையலறைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து வீடியோ மீட்டிங்கில் இருப்பவரின் முகத்தைச் சதுரம் சதுரமாக்கப் போதும்.

இந்தப் பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. கேட்க நிறைய. ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒவ்வொன்றும் விரிந்து உட்காருவதோ சுமார் 20. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் உட்கார வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். வரிசை வீடுகளில் பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ரூட்டர், அந்தப் பக்கம் ஒன்று, மாடியில் இரண்டு. எல்லாமே ஆறாம் சேனலில் இருந்தால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். வைஃபையின் ஒழுங்கு அது. சாயங்காலம் வேகம் குறைவதற்கு எப்போதும் ஆபரேட்டரைத் திட்டுவது நியாயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சீரியல் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இங்கே அமெரிக்க லேப்டாப் என்ற தனி வகை உண்டு. விடுமுறைக்கு வரும் மகன் அப்பாவுக்கென்று வாங்கி வருவது. அமெரிக்காவில் வழக்கத்தில் உள்ள சேனல்கள் 11 மட்டும். அங்கே விற்கும் பல லேப்டாப்புகளுக்கு 12, 13 என்று இரண்டு இருப்பதே தெரியாது. ரூட்டர் தானாகப் பதின்மூன்றுக்கு நகர்ந்த அன்று வீட்டில் எல்லார் செல்போனிலும் வைஃபை தெரியும், அந்த லேப்டாப்பில் மட்டும் பெயரே வராது. ஒரு லட்ச ரூபாய்ப் பொருள் கெட்டுவிட்டதாக நியூஜெர்சிக்கு நடுராத்திரி போன் போகும். ரூட்டர் செட்டிங்கில் சேனலை ஒன்றுக்கோ ஆறுக்கோ மாற்றினால் லேப்டாப் பிழைத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்புகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை அடியோடு தெரியாது என்பதும் இதே வகைதான். ரூட்டரில் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று போட்டிருக்கும் இணைப்பு அவற்றின் கண்ணில் படாது. அந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் எந்த உறவும் இல்லை.

ரூட்டரை எங்கே வைப்பது என்பதில் அறிவியல் ஒன்று சொல்கிறது, வீடு வேறு சொல்கிறது. நடுவீட்டில், உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கச் சொல்கிறது அறிவியல். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ அதற்கு அடுத்த ஆணிதான் இடம் என்கிறார் ஒயர் இழுக்க வந்த தம்பி. அந்த ஆணிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஆறடி இரும்புத் தகட்டைப் பார்த்தால் அது திரும்பிப் போகுமே தவிர உள்ளே வராது. தண்ணீரும் அலையை உறிஞ்சும், ஆகவே மீன் தொட்டிக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்துவைப்பது அழகுக்கு மட்டுமே உதவும். சிக்னலை டெசிபெல்லில் அளப்பார்கள். மைனஸ் 50 என்றால் பிரமாதம், மைனஸ் 80 என்றால் பிராணன் போகிற நிலை. பார்க்க முப்பதுதான் வித்தியாசம். சக்தியில் அது ஆயிரம் மடங்கு. பீரோவை இரண்டடி நகர்த்தினால் சரியாகும் இடத்தில் பூஸ்டர் வாங்குகிறார்கள். பீரோ இருப்பது வாஸ்துப்படி.

கணினிக்குள்ளேயே இருக்கும் பழுது என்று எடுத்தால் முதலிடம் ஏரோபிளேன் மோடுக்கு. பல லேப்டாப்புகளில் சத்தம் குறைக்கும் பட்டன் இருக்கும் வரிசையிலேயே அந்தப் பட்டனும் இருக்கும். விமானமே ஏறாதவரின் லேப்டாப் மாதக்கணக்கில் ஆகாயத்தில் இருந்துவிடும். அடுத்து, பாஸ்வேர்டு மாற்றப்பட்டது தெரியாமல் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பது. 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேர்த்தால் போதும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போனால் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்ப வேண்டும். யுஎஸ்பி வைஃபை டாங்கிளை யுஎஸ்பி 3.0 ஹார்ட்டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தால், ஹார்ட்டிஸ்க் ஓடும்போதெல்லாம் சிக்னல் திணறும். அந்த இணைப்பு 2.4 பட்டையில் இரைச்சல் எழுப்புகிறது என்பதை இன்டெல் 2012-லேயே எழுதி வெளியிட்டிருக்கிறது.

பழைய மேசைக் கணினிகளில் இன்னொரு வேடிக்கை. உள்ளே சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு கரன்ட் கட்டுக்குப் பிறகும் கணினி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். வைஃபை சேரும், எண் வரும், பிங் போகும். எந்த வெப்சைட்டும் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் எதிர்காலத்தில் கொடுக்கப்பட்டவை என்று அது நிராகரிக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பதுக்கு நிறுத்திய கரன்ட் திரும்பி வந்த பிறகு தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் நெட் இல்லை என்றால், அந்தக் கணினியின் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் இருக்க, ஆபரேட்டர் அலுவலகத்துப் பெண் போனில் சொல்வது ஒன்றே: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. ரூட்டரும் ஒரு சின்னக் கணினிதான், நினைவகம் கொஞ்சம். வாரக்கணக்கில் ஓடும்போது யார் எந்தத் தளத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்ற பட்டியல் அதில் சேர்ந்துகொண்டே போகும். மென்பொருள் எங்காவது சிக்கிக்கொள்ளும். அணைத்தால் பட்டியல் அழியும், எண் விநியோகமும் முதலிலிருந்து தொடங்கும், தானியங்கிச் சேனல் வைத்த ரூட்டர் காற்றைப் புதிதாக மோப்பம் பிடித்து இடம் தேர்ந்தெடுக்கும். அணைத்த பின் அரை நிமிடம் பொறுக்க வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும்வரை. டக்கென்று அணைத்து டக்கென்று போட்டால் அது அணைந்ததாகவே கணக்கில்லை. எல்லாவற்றையும் சரிசெய்யும் வைத்தியம் எதையும் கற்றுத் தருவதில்லை என்பது மட்டுமே இதன் குறை. அடுத்த வாரம் திரும்பவும் இதே போன் போகும்.

ஆஃப் செய்வதும் ரீசெட் செய்வதும் ஒன்றல்ல. ரூட்டரின் முதுகில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. வீட்டில் நெட் நின்ற சில நிமிடங்களுக்குள் அம்மாவின் வளையலிலிருந்து ஓர் ஊக்கு இறங்கி அந்த ஓட்டைக்குள் போய்விடுகிறது. பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, ஆபரேட்டர் போட்டுக் கொடுத்த யூசர்நேம் எல்லாம் அழிந்து, கடையில் வாங்கிய நாளின் நிலைக்கு ரூட்டர் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அது சிறு பழுது இல்லை. ஆள் வந்துதான் ஆக வேண்டும், ஆள் வருவது திங்கட்கிழமை. ஆகவே நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டரிடம் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். ஊக்கு வளையலிலேயே இருக்கட்டும்.